காலியாக விட முடியாத கட்டங்கள்

வரலாற்று நூலில் ஆசிரியருக்கு ஒரு சலுகை உண்டு. ஆவணம் கிடைக்காத இடத்தில் "இதுபற்றித் தகவல் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். விமான சிமுலேட்டரில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருந்தாக வேண்டும்.

ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. அதற்குள் ஒரு விமானம் பறக்கும்போது, அதன் மீது செயல்படும் விசைகளைக் கணக்கிடும் வேலையை ஜேஎஸ்பிசிம் என்ற நிரல் செய்கிறது. நொடிக்கு 120 முறை காற்றின் விசை, எடை, எஞ்சின் தள்ளும் விசை எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த கணத்தில் விமானம் எங்கே, எப்படிச் சாய்ந்து இருக்கும் என்று சொல்கிறது. ஒரு புதிய விமானத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்த நிரலுக்கு ஓர் உரைக்கோப்பு எழுதித் தர வேண்டும். இறக்கைப் பரப்பு, இறக்கை நீளம், வெற்று எடை என்று முதல் சில வரிகள் சுலபமாக நிரம்பும். அதற்குக் கீழேதான் மூன்று அச்சுகளைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் வருகிறது. விமானத்தை உருட்டவோ, மூக்கைத் தூக்கவோ, திசை திருப்பவோ முயலும்போது அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதன் அளவு அது. திருப்புவிசையை இந்த எண்ணால் வகுத்தால்தான் விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று தெரியும். கட்டத்தில் சுழியம் போட்டால் கணக்கே நின்றுவிடும். ஏதோ ஓர் எண் போட்டால் விமானம் பறக்கும். அது சரியான எண்தானா என்று நிரல் கேட்பதில்லை.

ஆயிரக்கணக்கில் தயாராகி, கையேடுகளும் சோதனை அறிக்கைகளும் மிச்சமிருக்கும் விமானத்துக்கு இது பெரிய சிக்கல் இல்லை. மூன்றே முறை பறந்த ஒரு விமானத்துக்கு என்ன செய்வது? ஜப்பானியக் கடற்படையின் ஷிண்டென் அப்படிப்பட்ட ஒன்று. அதிகாரபூர்வக் குறியீடு ஜே7டபிள்யூ1. மொத்தம் சுமார் 45 நிமிடம்தான் அது காற்றில் இருந்தது. இந்த அத்தியாயம் அந்த 45 நிமிடத்தைப் பற்றியும், அதை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதைப் பற்றியும்.

ஷிண்டெனின் படத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். பெரிய இறக்கை உடலின் பின்பகுதியில், 20 பாகை பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். வழக்கமாக வாலில் இருக்கும் சிறிய கிடைமட்டப் பரப்பு மூக்கருகே ஒரு முன்னிறக்கையாக இருக்கும். விமானி நடுவில், அவர் முதுகுக்குப் பின்னால் 18 சிலிண்டர் மிட்சுபிஷி எஞ்சின், அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னோக்கிச் சென்று ஆறு இதழ்கள் கொண்ட புரொப்பல்லரைச் சுழற்றும். விமானத்தை முன்னாலிருந்து இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும் அமைப்பு.

வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காக யாரும் இப்படி வடிவமைக்கவில்லை. மூக்கில் எஞ்சின் இல்லையென்றால் அந்த இடம் முழுக்கப் பீரங்கிகளுக்குக் கிடைக்கும். நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் ஒரே இடத்தில் குவித்து நேராகச் சுடலாம். சாதாரண விமானத்தில் வால் பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்திச் சமநிலையைக் காக்கிறது. அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கைதான் சுமக்க வேண்டும். முன்னிறக்கையோ மேல்நோக்கித் தூக்கியபடியே சமநிலையைக் காக்கும். கடற்படைத் தொழில்நுட்ப அதிகாரி மசாயோஷி ட்சுருனோ இந்த வாதத்தை யோகோசுகாவில் இருந்த கடற்படை விமானத் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் முன்வைத்தார். எம்எக்ஸ்ஒய்6 என்ற மரக் கிளைடர்களைச் செய்து 1943 இலையுதிர்காலத்தில் பறக்கவிட்டார்கள். ஒன்றில் 22 குதிரைத்திறன் கொண்ட சிறு எஞ்சினையும் பொருத்திப் பார்த்தார்கள். வடிவம் பறக்கும், கையாள முடியும் என்பது உறுதியானது.

அதற்கடுத்த வருடம் போர் ஜப்பானின் வாசலுக்கே வந்துவிட்டது. 1944 ஜூன் நடுவில் சீனாவிலிருந்து கிளம்பிய பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கியூஷு தீவின் யவாடா இரும்பு ஆலையைத் தாக்கின. அந்த உயரத்துக்கு ஏறி, அந்த வேகத்தில் போகும் பெரிய விமானத்தை வீழ்த்தக்கூடிய இடைமறிப்பு விமானம் கடற்படைக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. வேலை கியூஷு விமான நிறுவனத்துக்குப் போனது. பயிற்சி விமானங்களும் கடற்படை ரோந்து விமானங்களும் செய்துவந்த நிறுவனம் அது. முதல் மாதிரி பறப்பதற்கு முன்பே மாதம் 150 விமானம் என்று உற்பத்தித் திட்டம் போட்டாயிற்று. 1945 ஜூன் 19 இரவு ஃபுகுவோகா நகரம் பி-29களின் தீக்குண்டுகளில் எரிந்தது. ஷிண்டெனின் முதல் மாதிரி அந்த நகரத்தை ஒட்டித்தான் உருவாகிக்கொண்டிருந்தது.

ஜூலையில் எஞ்சினை முடுக்கி ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். இருக்கையில் ட்சுருனோவே இருந்தார். மூக்கு எழும்பியதும் பின்னால் இருந்த புரொப்பல்லரின் இதழ் முனைகள் தரையில் அடித்து வளைந்தன. சேதத்தைச் சரிசெய்து, இரண்டு செங்குத்து வால்களின் அடியிலும் சிறு சக்கரங்களைப் பொருத்தினார்கள். அவை அதே நிறுவனத்தின் ஷிராகிகு பயிற்சி விமானத்திலிருந்து எடுத்தவை. ஆகஸ்ட் 3 அன்று இன்றைய ஃபுகுவோகா விமான நிலையம் இருக்கும் இடத்திலிருந்து, நிறுவனத்தின் சோதனை விமானி மியாயிஷி அதை முதன்முறையாக மேலே கொண்டுபோனார். இரண்டாவது பறப்பு ஆகஸ்ட் 6. மூன்றாவது ஆகஸ்ட் 8. இவற்றுக்கு நடுவிலும் மறுநாளும் என்ன நடந்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பி-29ஐ எதிர்கொள்ள உருவான விமானம் தாழ்வான உயரத்தில், சக்கரங்களைக்கூட மடக்காமல் மெதுவாகச் சுற்றிவந்த அதே நாட்களில், ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டுகளைப் போட்டவை பி-29கள்தான். ஆகஸ்ட் 15 அன்று சரணடைவு அறிவிப்பு வந்தது. ஷிண்டென் அதற்குமேல் பறக்கவில்லை.

எந்த நூலைத் திறந்தாலும் ஷிண்டெனின் பெயருக்குப் பக்கத்தில் "அதிகபட்ச வேகம் மணிக்கு 750 கிலோமீட்டர், 8,700 மீட்டர் உயரத்தில்" என்று இருக்கும். "ஐஎல்-2 1946", "வார் தண்டர்" போன்ற விளையாட்டுகளில் இந்த விமானத்தை ஓட்டியவர்கள் பலர். அங்கே அது பி-29களை விரட்டிப் பிடிக்கிறது. ஆனால் 8,700 மீட்டர் உயரத்தை ஷிண்டென் ஒருநாளும் எட்டவில்லை. 750 என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. அப்படி ஒரு கணக்கு இருப்பதில் தவறில்லை. எல்லா விமானமும் கணக்காகத்தான் பிறக்கிறது. ஆனால் அட்டவணையில் அளந்த எண்ணும் கணித்த எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுகின்றன. சிமுலேட்டர் கோப்பு எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் அவற்றைப் பிரிப்பது என்பது என் உறுதியான கருத்து.

அளந்தவை என்னென்ன? விமானத்தின் உடல் இன்றும் இருக்கிறது. போர் முடிந்ததும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஷிண்டென் ஸ்மித்சோனியன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அதன் முன்பகுதி உட்வார்-ஹேஸி மையத்தில் காட்சிக்கு இருக்கிறது. ஆகவே இறக்கை நீளம் 11.11 மீட்டர், உடல் நீளம் 9.66 மீட்டர், இறக்கைப் பரப்பு 20.5 சதுர மீட்டர் போன்ற வடிவ அளவுகளை நம்பலாம். பறந்தபோது என்ன தெரிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது: விமானம் வலப்பக்கம் குறிப்பிடத்தக்க அளவு சாய்ந்தது, புரொப்பல்லர் இதழ்கள் படபடத்தன, நீண்ட தண்டு அதிர்ந்தது. பார்ப்பதற்குச் சொற்பமான தகவல். ஆனால் இதில் ஒவ்வொன்றும் கோப்பின் ஒரு வரியைச் சோதிக்கப் போதுமானது.

வலப்பக்கச் சாய்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கோப்பில் புரொப்பல்லர் பற்றிய பகுதியில் சுழலும் திசையைக் குறிக்க ஒரு வரி உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுழன்றால் 1, எதிர்த் திசையில் சுழன்றால் கழித்தல் 1. ஷிண்டெனுக்கு எதைப் போடுவது? அந்தக் கால ஜப்பானியப் போர் விமானங்களில் எஞ்சின் மூக்கில் இருக்கும்; விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் கடிகாரத் திசையில் சுழலும். எஞ்சின் புரொப்பல்லரை ஒரு பக்கம் திருக, எதிர்வினையாக விமானத்தின் உடல் மறுபக்கம் திருகும். அதாவது இடப்பக்கம் சாயும். இப்போது அதே வகை எஞ்சினை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, புரொப்பல்லர் பின்பக்கம் வரும்படி வையுங்கள். எஞ்சினைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. விமானத்தைப் பொறுத்தவரை சுழற்சி தலைகீழாகிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுழலும், உடல் வலப்பக்கம் சாயும். பறப்பில் பதிவானதும் வலப்பக்கச் சாய்வுதான். கட்டத்தில் கழித்தல் 1 போடலாம், நம்பிக்கையோடு. 1945இல் விமானியின் கைகள் உணர்ந்த இழுப்பும் இன்று நாம் மேசையில் செய்யும் தர்க்கமும் ஒரே விடைக்கு வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இழுப்பு எவ்வளவு என்றும் கணக்கிடலாம். தரையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் திறன் 2,130 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 1,570 கிலோவாட். புரொப்பல்லர் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழல்வதாக வைத்துக்கொண்டால் திருப்புவிசை சுமார் 12,500 நியூட்டன் மீட்டர். ஓர் இறக்கையின் நுனியில் மூன்று பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தால் அந்த இறக்கை எவ்வளவு தாழுமோ, அந்த அளவு. வேகம் கூடினால் இறக்கையின் அசைவுத் தகடுகள் இதைச் சமாளித்துவிடும். மெதுவாகப் பறக்கும்போதுதான் கஷ்டம். மியாயிஷி மூன்று முறையும் மெதுவாகத்தான் பறந்தார்.

ஜூலை மாதத்துத் தரைவிபத்தும் இதேபோல் ஒரு நல்ல சோதனை. சிமுலேட்டரில் விமானம் முழுவதும் தரையைத் தொடாது; நாம் குறிப்பிட்டுத் தரும் சில புள்ளிகள் மட்டுமே தொடும். சக்கரங்கள் மூன்றும் மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடம், சுருள்வில்லின் விறைப்பு, அதிர்வைத் தணிக்கும் அளவு, உராய்வு என்று எண்கள் வேண்டும். உடலின் மற்றப் பகுதிகள் தரையில் உரசுவதைக் காட்டவும் புள்ளிகள் சேர்க்கலாம். புரொப்பல்லரின் விட்டம் 3.4 மீட்டர். அதன் கீழ்முனை ஒரு புள்ளி. முக்கியச் சக்கரங்களுக்கு 2 மீட்டர் பின்னால் அந்த முனை இருக்கிறது என்று வைத்தால், மூக்கு 10 பாகை எழும்போது முனை 35 சென்டிமீட்டர் தாழும். எழும்புகிற விமானத்தில் சக்கரக் கால்கள் ஏற்கெனவே அழுந்தி இருந்தால் இன்னும் தாழும். இப்போது வால்களின் அடியில் உள்ள சிறு சக்கரங்களுக்கான புள்ளிகளைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, ஓடுபாதையில் வேகமெடுத்து, கட்டுப்பாட்டுத் தடியைத் தாராளமாக இழுத்துப் பாருங்கள். புரொப்பல்லர் தரையில் அடிக்க வேண்டும். புள்ளிகளைத் திரும்பச் சேர்த்தால் அடிக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் சக்கரங்களின் இடமோ, ஈர்ப்பு மையமோ, முன்னிறக்கையின் வலிமையோ பிசகாக இருக்கிறது என்று பொருள். நடந்த விபத்தைத் திரும்ப நடத்திக் காட்டும் மாதிரியை, அழகாகக் கிளம்பி ஏறும் மாதிரியைவிட நான் அதிகம் நம்புவேன்.

நிலைமத் திருப்புத்திறனுக்கு வருவோம். அதை யாரும் அளந்து வைக்கவில்லை. ஆனால் எடையுள்ள பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியும். ஒவ்வொன்றின் எடையையும், ஈர்ப்பு மையத்திலிருந்து அதன் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் தோராயமான எண் கிடைக்கும். நான்கு பீரங்கிகள், ஒவ்வொன்றும் 70 கிலோ அளவு, ஆக 280 கிலோ. அவை மையத்துக்கு மூன்றரை மீட்டர் முன்னால் என்று வைத்தால் பங்களிப்பு 3,430. எஞ்சின் ஏறக்குறைய ஒரு டன். ஆனால் அது மையத்துக்கு அருகில், 1.2 மீட்டர் பின்னால் என்றால் 1,440தான். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பீரங்கிகள் மூக்கைத் தூக்கும் அசைவில் எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் முரண்டு பிடிக்கின்றன. தொலைவின் வர்க்கம் செய்கிற வேலை இது.

பீரங்கிகளோடு இன்னொரு விஷயமும் சேர்ந்து வருகிறது. பீரங்கி ஒன்றுக்குச் சுமார் 60 குண்டுகள். சுட்டுத் தீர்ந்தபின் வெளியே போன குண்டுகளின் எடை மட்டும் 80 கிலோவைத் தாண்டும். அவ்வளவு எடை மூக்கிலிருந்து குறைந்தால் ஈர்ப்பு மையம் சுமார் 6 சென்டிமீட்டர் பின்னால் நகரும். இறக்கையின் சராசரி அகலம் 1.85 மீட்டர்தான் என்பதால் இது 3 சதவீத நகர்வு. முன்னிறக்கை விமானத்தில் மையம் பின்னால் போகப் போக நிலைத்தன்மை குறையும். அப்படியானால் சண்டைக்குப் பிறகு தரையிறங்கும் ஷிண்டென், கிளம்பிய ஷிண்டெனைவிடப் பதற்றமான விமானம். மூன்று சோதனைப் பறப்புகளில் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கோப்பில் குண்டுகளின் எடையைத் தனி வரியாக எழுதிவைத்தால் சிமுலேட்டரில் தானாகத் தெரியவரும்.

இனி 750. காற்றில் வேகம் என்பது எஞ்சினின் திறனுக்கும் காற்றின் தடைக்கும் நடக்கும் இழுபறி. 8,700 மீட்டரில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 0.48 கிலோ அளவு. தரையில் இருப்பதில் நாற்பது சதவீதம். அங்கே மெல்லிய காற்றால் எஞ்சினும் மூச்சு வாங்கும். தரைத் திறனில் முக்கால் பங்கு மிச்சம் என்றும், புரொப்பல்லர் அதில் 80 சதவீதத்தை உந்துவிசையாக மாற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 4,900 கிலோ எடையுள்ள விமானம் அந்த நிலையில் 750 கிலோமீட்டரில் பறக்க வேண்டுமானால், தூக்குவிசை இல்லாதபோதும் இருக்கும் அடிப்படைத் தடைக் குணகம் 0.0177 ஆக இருக்க வேண்டும். இந்த எண் எப்படிப்பட்டது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். அந்தப் போரின் மிகச் சீரான வடிவம் கொண்ட விமானங்களில் ஒன்று என்று பெயர்பெற்ற அமெரிக்க மஸ்டாங்குக்கு 0.0163. காற்றால் குளிரும் 18 சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஹெல்கேட்டுக்கு 0.0211. மஸ்டாங்கின் இறக்கைப் பரப்பும் ஷிண்டெனுடையதும் ஏறக்குறைய சமம் என்பதால் அந்த ஒப்பீடு நியாயமானது.

ஆகவே 750 என்று எழுதுகிறவர் உண்மையில் சொல்வது இது: முன்னால் கூடுதலாக ஒரு சிறு இறக்கையும், இறக்கையின் மீது இரண்டு செங்குத்து வால்களும், பெரிய காற்றுக்குளிர் எஞ்சினுக்குக் காற்று வாங்கும் வாய்கள் பக்கவாட்டிலும் வைத்துக்கொண்டு, இந்த விமானம் மஸ்டாங்கை நெருங்கும் சீர்மையோடு இருந்தது. இருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். புரொப்பல்லர் கிளப்பும் கலங்கிய காற்று உடல்மீது படாமல் பின்னால் போவது இந்த அமைப்பின் உண்மையான ஆதாயம். ஆனால் தடை 20 சதவீதம் கூடுதல் என்று வைத்தால் வேகம் 705க்கு அருகே வந்துவிடும். அதோடு எஞ்சின் அந்த உயரத்தில் முக்கால் பங்குக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கே தந்தால் 680க்கு இறங்கும். அந்த உயரத்தில் 750 என்பது ஒலியின் வேகத்தில் 68 சதவீதம்; காற்று நெருக்குண்டு தடை கூடத் தொடங்கும் எல்லைக்கு அருகில். என் கணக்கை வைத்துப் பார்த்தால் 680க்கும் 750க்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது, மேல்விளிம்பில் இருக்க நிறைய விஷயங்கள் ஒருசேரக் கைகொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமில்லாதவர்கள் விழுவது அதில்தான். ஃப்ளைட்கியரில் ஒய்ஏசிம் என்று இன்னொரு கணக்கிடும் நிரலும் உண்டு. அது குணகங்களைக் கேட்காது. விமானத்தின் வடிவத்தையும், இந்த உயரத்தில் இந்த வேகத்தில் பறக்கும், இந்த வேகத்தில் தரையிறங்கும் என்ற செயல்திறனையும் கொடுத்தால், அதற்கேற்ப தடையையும் தூக்குவிசையையும் தானே சரிசெய்துகொள்ளும். தரவு குறைவான விமானங்களுக்கு மிகவும் வசதியான முறை. ஆனால் 750 என்று கொடுத்தால் 750 பறக்கும் விமானம்தான் வெளியே வரும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு "சிமுலேட்டரிலும் 750 வந்தது" என்று சொன்னால், நாம் போட்ட எண்ணை நாமே எடுத்துக் காட்டுகிறோம், வேறொன்றும் இல்லை. இந்த முறையில் உருவான மாதிரியைக் கொண்டு ஷிண்டெனின் வேகத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரின் வழி வேறு. இறக்கையையும் புரொப்பல்லரையும் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று என்ன செய்கிறது என்று அந்தந்தக் கணத்தில் கணக்கிடும். மூன்றாவது வழி, விமானத்தின் வடிவத்தை நாசாவின் ஓப்பன்விஎஸ்பி போன்ற மென்பொருளில் வரைந்து, காற்றோட்டக் கணக்கின் மூலம் குணகங்களைப் பெற்று ஜேஎஸ்பிசிம் கோப்பில் எழுதுவது. ஷிண்டெனுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த மூன்றாவது வழியைத்தான். முன்னிறக்கையைக் கடந்துவரும் காற்று கீழ்நோக்கித் திரும்பி, பெரிய இறக்கையின் உட்பகுதியில் படுகிறது. வெளிப்பகுதி இதிலிருந்து தப்பிவிடுகிறது. இந்த விமானத்தின் குணமே அந்த உறவில்தான் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க இந்த முறை இடம் தருகிறது.

ஆனாலும் அது ஒரு கட்டம் வரைக்கும்தான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறிப் போனால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள். மேற்சொன்ன கணக்குகள் ஸ்டாலுக்கு முன்பு வரை நம்பகமானவை. அதற்கு அப்பால் கண்ணைக் கட்டிவிடும். முன்னிறக்கை விமானத்தில் முன்னிறக்கை முதலில் ஸ்டால் ஆக வேண்டும். அப்போது மூக்கு தானாகத் தாழ்ந்து, வேகம் கூடி, விமானம் மீண்டுவிடும். பெரிய இறக்கை முதலில் ஸ்டால் ஆனால் மூக்கு மேலே எகிறும்.

அப்படி எகிறியதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கர்ட்டிஸ் நிறுவனம் இதே போர்க்காலத்தில் எக்ஸ்பி-55 அசெண்டர் என்று, முன்னிறக்கையும் பின்புரொப்பல்லரும் கொண்ட போர் விமானத்தைச் செய்தது. 1943 ஜூலையில் முதல் பறப்பு. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று சோதனை விமானி ஹார்வி கிரே ஸ்டால் சோதனை செய்துகொண்டிருந்தபோது விமானம் மல்லாந்து, கட்டுக்கடங்காமல் ஏறத்தாழ 4,900 மீட்டர் விழுந்தது. கிரே பாராசூட்டில் தப்பினார், விமானம் நொறுங்கியது. ஸ்டாலின் அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்று இந்த வகை விமானத்துக்குக் கிடைத்த நேரடிச் சாட்சியம் இது. இதை அப்படியே ஷிண்டெனுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. அசெண்டரின் மூக்கில் இருந்தது முழுவதும் அசையும் பரப்பு. ஷிண்டெனின் முன்னிறக்கை நிலையானது, அதன் பின்விளிம்பு மட்டுமே அசையும். அசெண்டர் ஆராய்ச்சி மாதிரியாகவே பலமுறை பறந்து குறைகளைக் காட்டியது; ஷிண்டெனுக்கு அந்த அவகாசமே இல்லை. இரண்டு விமானங்களின் கணக்குகளையும் ஒப்பிட்டு, "இந்தக் கோணத்துக்கு மேல் கட்டுப்பாடு இழக்கும் சாத்தியம் உண்டு" என்று மாதிரியில் வைப்பது நியாயம். துல்லியமான ஒரு சுழற்சியை வைத்து "ஷிண்டென் இப்படித்தான் விழும்" என்று காட்டுவது நியாயமல்ல, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஒலி, வண்ணம், கருவிப் பலகை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இன்றும் பறக்கும் வேறு 18 சிலிண்டர் எஞ்சின்களின் ஒலியை வாங்கிக்கொள்ளலாம். ஆறு இதழ்கள் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழன்றால் நொடிக்கு 120 முறை இதழ் கடக்கும், அந்தச் சுருதியைச் சேர்த்தால் போதும். தோற்றத்துக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2023இல் வெளியான "காட்ஸில்லா மைனஸ் ஒன்" படத்துக்காகச் செய்த முழு அளவு ஷிண்டென் மாதிரி, ஃபுகுவோகா மாகாணத்தின் டாச்சியராய் அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றிவந்து எந்தக் கோணத்திலும் படமெடுக்கலாம். படத்தில் அது பறக்கும் விதத்தை மட்டும் யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடமுண்டு. நிரல் அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பார்கள். இறக்கைப் பரப்புக்கு "அளந்தது". சுழலும் திசைக்கு "பறப்பு அறிக்கையோடு ஒத்துப்போவது". நிலைமத் திருப்புத்திறனுக்கு "எடைகளிலிருந்து கணித்தது". தடைக் குணகத்துக்கு ஒரே எண்ணுக்குப் பதில் மூன்று: 680க்கு, 705க்கு, 750க்கு. ஓட்டுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஸ்டாலுக்கு அப்பால் உள்ள அட்டவணைக்கு "ஊகம்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இப்படிக் குறித்துவைத்த கோப்பைப் பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுத்துத் திருத்த முடியும். குறிப்பில்லாத கோப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்றே தெரியாது.

திருத்துவதற்கான வாய்ப்பும் இருக்கத்தான் செய்கிறது. ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி மையத்தில் காட்சிக்கு இருப்பது விமானத்தின் முன்பகுதி மட்டும். காட்சிக்கு வராத இறக்கைகளை லேசர் கருவியால் நுட்பமாக அளந்து வெட்டுமுகத்தை வெளியிட்டால், தகட்டின் வளைவையும் இணைப்புகளின் மேடுபள்ளத்தையும் வைத்துத் தடையைப் புதிதாகக் கணக்கிடலாம். அப்போது கோப்பில் முதலில் மாறப்போவது 0.0177 என்ற எண்தான்.